யார் கதைப்பது, எந்த வருஷம்?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசாவின் 'கதீட்ரலில் உரையாடல்' நாவலை ஆங்கிலத்தில் தொடங்கியது. இரண்டாம் அத்தியாயத்திலேயே யார் யாரோடு கதைக்கினம் என்று பிடிபடவில்லை. விட்டுவிடலாமா?
– வாசகி, பரந்தன்

பதில்: விடவேண்டாம். பலரும் தடக்குப்படுகிற இடம் அதுதான். முதல் அத்தியாயத்தில் பத்திரிகையாளன் சந்தியாகோவும், அவன் தகப்பனுக்கு முன்பு கார் ஓட்டிய அம்ப்ரோசியோவும் லீமாவின் ஒரு மலிவான மதுச்சாலையில் (கதீட்ரல் அதன் பெயர்) நாலு மணித்தியாலம் கதைக்கிறார்கள். அதன்பின், வேறு வருஷத்துப் பேச்சுகள் வரிக்கு வரி உள்ளே நுழையும், அறிவிப்பே இராது. பென்சிலால் ஓரத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் எழுத்துப் போடுங்கள். அம்ப்ரோசியோ 'டொன் ஃபெர்மின்' என்று விளித்தால் எதிரில் இருப்பது சந்தியாகோவின் தகப்பன், அது பழைய பேச்சு. பின்னணி, பெருவை ஆண்ட இராணுவத் தளபதி ஒட்ரியாவின் 1948–1956 சர்வாதிகாரம். அதை முதலே வாசித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வட்டத்தில் சிலர் களைத்திருந்தால் இடையில் இன்னொரு பெரு எழுத்தாளர் ஹூலியோ ரமோன் ரிபெய்ரோவின் 'இறகற்ற கழுகுகள்' சிறுகதையை வையுங்கள்: பன்றிக்குத் தீனி தேடிக் குப்பை கிளறும் இரு சிறுவர்கள், மரக்கால் தாத்தா. ஒரே இருப்பில் முடியும். என் கணிப்பில் யோசாவுக்கு முன்பே வாசிக்கவேண்டியவர் அவர்.