கிளினிக் நாளும் அரைப் பேரும்

அன்புள்ள அக்கா,

நான் மதுரைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். மலையகத் தோட்டங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இலங்கையில் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், தாய்சேய் நலத்தில் நல்ல பெயர் எடுத்த நாடு. அப்படியிருக்க, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் ஏன் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள்? விழிப்புணர்வு போதவில்லையா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விழிப்புணர்வு போதவில்லை என்று இங்கேயும் பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டு எடுத்த தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 32 பேர். அதே தீவு, அதே தடுப்பூசி, அரசு கொடுக்கும் அதே திரிபோஷ சத்துமா.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு நாள் சம்பளம், செக்ரோல் என்கிற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு 'பேர்'. தோட்டம் கேட்கிற கிலோவைப் பறித்துக் கொடுத்தால் முழுப் பேர். பல தோட்டங்களில் அது 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர்தான். தாய்சேய் கிளினிக் நடப்பதோ கொழுந்து எடுக்கிற அதே காலை வேளையில்.

மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக் அட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றி சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். திகதியும் மனப்பாடம். ஆனால் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, வண்டி ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்து திரும்பினால் மத்தியானம் தாண்டிவிடும். அன்றைய பேர் போச்சு. "போன மாசம் போனேன், இந்த மாசம் பிள்ளை நல்லா துடிக்குதுதானே" என்றார். மூத்த பிள்ளைகள் இருவருக்கும் அந்தப் பேரில்தான் சாப்பாடு. அவருக்கு நீங்களோ நானோ எதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்?

இன்னொன்று. கொழுந்து எடுக்கிற மலையில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். கர்ப்ப காலத்தில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடுவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இதற்குப் பழைய வேரும் உண்டு. வெள்ளைக்காரர் காலம் முதல் தோட்டத்து வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. ஓட்டில்லாத சனத்துக்காக எந்த அரசியல்வாதி ஆஸ்பத்திரி கேட்பார்? தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

குறைக்கவே முடியாதா என்றால், முடியும். 2006-07இல் தோட்டப்புறத்தில் இதே கணக்கு நூற்றுக்கு 40 அளவில் இருந்தது. ஆனால் வேகம் போதாது. வளர்த்தி குன்றிய தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்க வாய்ப்பு அதிகம்; அதனால் ஒவ்வொரு வருடத் தாமதமும் அடுத்த தலைமுறை வரை போகிறது. லயத்தை விட்டு 7 பேர்ச் (ஏறக்குறைய நாலு சென்ட்) காணியில் தனிவீட்டுக்குப் போன குடும்பத்துக்கு நாலு கீரையாவது போட இடம் கிடைக்கிறது, அது நல்லது. லயத்துப் பெண்பிள்ளைகளையே படிக்கவைத்துத் தமிழ் பேசும் மருத்துவ மாதுக்களாக (தாய்சேய் நலப் பணியாளர்களாக) அனுப்புவதும் அவசியம். ஆனால் என்னைக் கேட்டால் முதல் வேலை, கிளினிக் போன நாளுக்கு முழுப் பேர் போடுவது. அப்புறம், மாதம் ஒருமுறையாவது கிளினிக்கையே மேலே பிரட்டுக்களத்துக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, கொண்டுவருவது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம், தோட்டக் கம்பனிகளை உட்காரவைத்துப் பேசும் துணிவுதான் வேண்டும்.

உங்கள் ஊரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. கர்ப்பிணி இழக்கும் கூலியை ஈடுகட்டுவதும் அதன் நோக்கம் என்பதால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு மதிப்பு. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பதிவேட்டில் குறித்த நாளில் வராத தாய்மார்கள் இருப்பார்கள். 'வரவில்லை' என்பதோடு விடாமல், அன்று அவர்கள் எந்த வேலையில் இருந்தார்கள், வந்திருந்தால் எவ்வளவு கூலி போயிருக்கும் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா