சூட்டுக்கு எண்ணெய் வைத்தால் போதுமா? – குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர் பதில்கள்

பேரனுக்கு இரண்டு மாதம். முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாகத்தான் ஒண்ணுக்குப் போகிறான். சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறோம். போதுமா? – ஓர் அமுச்சி, காங்கேயம்

எண்ணெய் இருக்கட்டுங்க அம்மா, இன்றைக்கே பையனைக் காட்டிவிடுங்கள். பங்குனி வெயிலில் எதையும் சூடு என்பது நம் பக்கத்துப் பழக்கம். ஆனால் துணியை அவிழ்த்ததும் தூக்கியவர் சட்டையை நனைக்கிற பையன்தான் நல்ல பையன்! சொட்டுகிறது, அடிவயிறு உருண்டு கெட்டியாகத் தெரிகிறது என்றால், மூத்திரக் குழாயில் பிறவியிலேயே வால்வு மாதிரி ஒரு சவ்வு அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது இது. அடைப்பை மீறித் தள்ளித் தள்ளி மூத்திரப்பை தடித்துப்போகும். அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்கள் வீங்கும்.

முதலில் மெல்லிய டியூப் போட்டு நீரை வடிப்பார்கள். ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) உப்புகளும் பார்ப்பார்கள். அப்புறம் மூத்திரப்பையில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே. அடைப்பு உறுதியானால் மூத்திர வழியாகவே சின்ன டெலஸ்கோப்பை விட்டுச் சவ்வை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. வெட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சிறுநீரகம் வருடங்கள் கழித்தும் பழுதாகலாம். அதனால் பையன் மீசை முளைத்து நிற்கும்வரை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், ஸ்கேன் மூன்றையும் விடக் கூடாது. 'இப்போ நல்லாத்தான் இருக்கான்' என்று நடுவில் நின்றுவிடுகிற குடும்பங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கர்ப்பத்தின் எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தையின் ஒரு சிறுநீரகத்தில் 8 மி.மீ. வீக்கம். பயமாக இருக்கிறது. – கோபி

பயம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு சின்ன வீக்கம் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். பிறந்த மறுநாளே ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். அப்போது குழந்தை உடம்பில் நீர் குறைவு, வீக்கம் சிறியதாகக் காட்டி ஏமாற்றும். 48 மணி நேரம் கழித்து, முதல் வாரத்துக்குள் எடுங்கள். இரண்டு பக்கமும் வீங்கி, பனிக்குட நீரும் குறைந்திருந்தால் கதை வேறு. அதற்குக் காத்திருக்கக் கூடாது.

3 வயது மகளுக்கு இடது சிறுநீரகத்தின் வாயில் அடைப்பாம். ஆபரேஷன் கட்டாயமா? – திருப்பூர்

ஸ்கேனை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரீனோகிராம் சோதனையில் அந்தப் பக்கத்தின் வேலை 40 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, போகப்போகக் குறைந்தாலோ, வலி, காய்ச்சல் வந்தாலோ செய்துவிடலாம். குறுகிய இடத்தை வெட்டி இணைப்பதுதான். நல்ல பலன் தரும்.

நாலு மாதக் குழந்தைக்குச் சளி, இருமல் இல்லாமல் அடிக்கடி காய்ச்சல். ஆன்டிபயாடிக் கொடுத்தால் விடுகிறது. – பொள்ளாச்சி

மூத்திரத்தில் கிருமி இருக்கலாம். அடுத்த முறை மருந்துக்கு முன்னால் மூத்திர கல்ச்சர், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஒட்டுகிற பிளாஸ்டிக் பையில் பிடித்தது அதற்கு ஆகாது, தோலின் கிருமியும் சேர்ந்துவிடும். டியூப் வழியாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த கையோடு மருந்தை ஆரம்பிக்கலாம். கிருமி இருந்தால் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.