இயந்திரம் சொன்ன பிறகு மருத்துவரைக் கேட்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் தாயார் சர்க்கரை நோயாளி. முகாமில் விழித்திரைப் படம் எடுத்தபோது, "படம் தெளிவாக இல்லை, பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்" என்று கணினி சொல்லிவிட்டது. பார்வை நன்றாக இருக்கிறதே என்று அம்மா போக மறுக்கிறார். விட்டுவிடலாமா? (திருநெல்வேலி வாசகி)

விட்டுவிடாதீர்கள். படம் தெளிவாக இல்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருளில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும்போதும் பார்வை நெடுநாள் குறையாமலிருப்பது உண்டு. கண்புரை இருந்தாலும் படம் மங்கும். சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து மறுபடியும் படம் எடுக்க வேண்டும், அல்லது கண் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

விழித்திரைப் படத்தைக் கணினியே படித்துப் பார்க்கும் இந்தத் தொழில்நுட்பம் உருவானதில் நம் ஊர் நோயாளிகளுக்கும் பங்குண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் பயன்பட்டன. ஆய்வில் தேர்ந்த கண் மருத்துவர்களுக்கு நிகராக நின்ற கூகுளின் கருவியைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுசென்றபோது, 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றை அது ஏற்கவில்லை என்று 2020-இல் அவர்களே எழுதினார்கள். பல நிலையங்களில் இருட்டாக்கக்கூடிய தனி அறையே கிடையாது. கிடைத்த வெளிச்சத்தில் செவிலியர்கள் எடுத்த படங்கள் அவை. படம் ஏற்கப்படாதவர் இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் யார் சுமப்பது என்பதையும் சேர்த்துத்தான் ஒரு கருவியை நல்லது, கெட்டது என்று சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரத்துக்குச் சாதியோ நிறமோ தெரியாது. மனிதரைவிட அது நியாயமாக நடந்துகொள்ளாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

தெரியாமலிருப்பதாலேயே நியாயம் வந்துவிடாது. அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்கப் பயன்பட்ட ஓர் அல்காரிதத்தை (கணினியின் கணக்கிடும் முறையை) ஓபர்மேயர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் அலசினார்கள். நோயாளியின் இனம் அதற்குச் சொல்லப்படவே இல்லை. ஆனால் ஒருவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவாகும் என்பதையே அது அவருடைய நோயின் கடுமைக்கு அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பினத்தவருக்கு அதே அளவு நோய் இருந்தும் அவர்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு என்பதால், அவர்கள் நோய் குறைந்தவர்களாக அந்தக் கணக்கில் தெரிந்தார்கள். அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நம் நாட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பணமில்லாமல் மருத்துவமனைப் படியே ஏறாதவருடைய நோய் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பதிவேட்டில் கற்ற இயந்திரத்துக்கு அவர் ஆரோக்கியமானவர். ஆகவே ஒரு கருவி வாங்கப்படும்போது, துல்லியம் எத்தனை விழுக்காடு என்பதற்கு முன்பே, எதை அளவுகோலாகக் கொண்டு, யாருடைய தரவில் அது கற்றது என்று மருத்துவமனை நிர்வாகம் கேட்டாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் சமவாய்ப்பும் பாகுபாடின்மையும் இடம்பெற்றுள்ளன.

மருத்துவச் செயலியில் உரையாடும் நிரல் மாத்திரைப் பெயரையே சொல்கிறது. வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ அனுமதியில்லை. பதிவுபெற்ற மருத்துவருக்கு அது துணை நிற்கலாம், அவ்வளவுதான்.

காப்பீட்டுக் கோரிக்கையைக் கணினியே நிராகரித்துவிட்டது என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது? (சேலம் வாசகர்)

கணினி சொன்னது என்பது ஒரு காரணமே ஆகாது. கோரிக்கை மறுப்பு எதுவானாலும் மூவர் கொண்ட மறுஆய்வுக் குழு அல்லது நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியுள்ளது. பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை இல்லை என்று கூறிச் சிகிச்சையை மறுக்கும் முடிவை உரிமம் பெற்ற மருத்துவரோ தகுதியுள்ள மருத்துவப் பணியாளரோதான் எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் ஒன்பது வயது மகளுக்கு மூன்று வாரமாக இருமல். மார்பு எக்ஸ்ரேயை மென்பொருள் பார்த்து, காசநோய் அறிகுறி இல்லை என்றது. நிம்மதியாக இருக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எக்ஸ்ரேயை மென்பொருள் கொண்டு படித்துக் காசநோயைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தபோது, 15 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மட்டுமே பரிந்துரைத்தது. குழந்தைகளின் நெஞ்சுப் படம் பெரியவர்களுடையதைப் போல இருக்காது. அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். எடை குறைந்திருக்கிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.