ஏரிக்கரை தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: தருமபுரி ராமக்காள் ஏரியில் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை குப்பை அள்ளுகிறோம். கரை தேறி வருகிறதா, கெட்டு வருகிறதா என்று பார்க்க என்ன கருவி வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நான்கு இடங்களும் ஒரு நோட்டும் போதும்.

இடம் குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஏரிகளில் தண்ணீரின் விளிம்பு ஒரே இடத்தில் நிற்காது. மழை நன்றாகப் பெய்த கார்த்திகையில் கரையைத் தொடும் தண்ணீர், சித்திரையில் எங்கோ உள்ளே போய்விடும். அதனால் மதகு, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்), வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய்) வாய், ஒரு பழைய மரம் என்று அசையாத அடையாளங்களைப் பிடியுங்கள். அங்கிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் நோட்டின் முதல் வரி. அங்கேயே நின்று, ஒரே திசையில் ஒரு படமும் எடுங்கள். காலை 7 மணி என்றால் எப்போதும் 7 மணி.

அப்புறம் செடிகள். கோரையும் சம்பும் (நீரோரம் வளரும் உயரமான புல்வகைகள்) கரை மண்ணைப் பிடித்து வைக்கும். ஆகாயத்தாமரை பரவினால் கழிவுநீர் வருகிறதா என்று வரத்துக்காலைப் பாருங்கள்.

கோரைத் தண்டுகளைக் குனிந்து பாருங்கள். முதுகு பிளந்த, காய்ந்த பழுப்புக் கூடு ஒட்டியிருந்தால் அது தட்டான் உரித்த சட்டை. பறக்கிற தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். சட்டை இருந்தால், அதன் புழு இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்து ஏறியிருக்கிறது. எனக்கு இதைவிட நம்பிக்கையான சாட்சி வேறில்லை. பத்து அடி நீளத்துக்கு எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ‘0’ என்று எழுதுங்கள். காலியாக விட்டால், தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். சேறு பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். பச்சை அப்படியே நின்றால் அது பாசி.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பார்த்து நடங்கள். ஆள்காட்டிப் பறவை அப்போது வெறும் தரையில்தான் முட்டையிடும். சேற்றில் யாரும் தனியாக இறங்க வேண்டாம்.

ஒரு வருடம் ஆனதும் கார்த்திகையைக் கார்த்திகையோடு ஒப்பிடுங்கள். அப்போதும் கருவி வேண்டுமென்றால், 20 செ.மீ. வட்டத் தகட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றிப் பூசி, அடியில் எடை கட்டி, மதகு மேடையிலிருந்து கயிற்றில் இறக்குங்கள். தகடு மறையும் ஆழத்துக்கும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்துக்கும் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள்; தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பதற்கு அதுதான் அளவு.