பணத்துக்காக விளையாட்டு வீரர்கள் குடியுரிமை மாற்றிக்கொள்வது துரோகம் இல்லையா?

துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அதற்காக இந்தப் பழக்கம் நல்லது என்றும் சொல்லவில்லை. என் கோபம் கையெழுத்துப் போடுகிற வீரர் மேல் வருவதில்லை. பதக்கம் கிடைக்கிறவரை மட்டும் செல்லுபடியாகிற ஒரு குடியுரிமையை அவரிடம் நீட்டுகிற நாட்டின் மேல்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தடகளத்தில் எனக்கு மிகப் பிடித்தது 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ், அதாவது தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடுகிற ஓட்டம். இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் முதலில் அடிபடும் பெயரும் அந்த ஓட்டத்துக்காரருடையதுதான். கென்யாவின் ஸ்டீபன் செரோனோ. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் கென்யாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 2003 ஆகஸ்டில் கத்தார் குடிமகன் ஆனார், பெயர் சைஃப் சயீத் ஷாஹீன் என்று மாறியது. அந்த மாதம் முடிவதற்குள் பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் கத்தார் சட்டையில் ஓடி, கென்யாவின் எசேக்கியல் கெம்போயைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிவிட்டார். அதே ஓட்டத்தில் அவருடைய அண்ணன் ஏப்ரஹாம் கென்யாவுக்காக ஓடினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு நாட்டுச் சட்டைகள். வாழ்நாள் முழுக்க மாதம் 1000 டாலர் தருவதாகப் பேச்சு என்று அப்போது செய்திகளில் வந்தது.

"வெறும் 1000 டாலருக்கா நாட்டை விட்டார்?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓட்டக்காரரின் சம்பாத்தியக் காலம் ரொம்பச் சின்னது. ஒரு காயம் போதும், முடிந்துவிடும். அதற்குப் பிறகும் மாதாமாதம் வரும் பணம் என்றால், அது ஒரு பென்ஷன். இன்னொன்று, ஒலிம்பிக்கில் ஒரு ஓட்டத்துக்கு ஒரு நாடு மூன்று பேரைத்தான் அனுப்ப முடியும். கென்யாவில் தேர்வுப் போட்டியில் நான்காவதாக வருகிறவர் வேறு பல நாடுகளில் பிறந்திருந்தால் முதல் ஆள். கென்யாவில் அவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான். ஆக, இந்த ஒப்பந்தங்களில் பணத்தோடு ஓடுவதற்கு ஓர் இடமும் சேர்ந்தே வருகிறது. பலரை இழுப்பது அந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

சரி, ஷாஹீனுக்கு என்ன ஆனது? நாடு மாறினால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது ஒலிம்பிக் சாசன விதி. பழைய நாடு சம்மதித்தால் அதைக் குறைக்கலாம். கென்யா சம்மதிக்கவில்லை. 2004 ஏதென்ஸில் அவர் இல்லாமலேயே பந்தயம் நடந்தது, மூன்று பதக்கமும் கென்யாவுக்கே போனது. பத்து நாள் கழித்து பிரஸ்ஸல்ஸில் அவர் 7 நிமிடம் 53.63 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த சாதனையை முறியடிக்க 2023 ஜூன் வரை ஆளில்லை, அப்போதுதான் எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மா அதைத் தாண்டினார். ஏறக்குறைய 19 ஆண்டு நின்ற சாதனைக்குச் சொந்தக்காரர் ஒலிம்பிக்கில் ஒருமுறைகூட ஓடவில்லை. 2008-க்குள் காயங்கள் அவரை முடக்கிவிட்டன. இரண்டு நாட்டு அதிகாரிகளின் இழுபறியில் நஷ்டப்பட்டது அவர் மட்டும்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பணம் கைமாறினாலே அசிங்கம் என்று சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோக்லுவை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கேரியாவில் வாழ்ந்த துருக்கிய இனத்தவர். அந்த இனத்தாரின் பெயர்களை எல்லாம் அரசு வலுக்கட்டாயமாக மாற்றியபோது அவர் பெயரையும் மாற்றியது. 1986-ல் மெல்போர்னுக்குப் போட்டிக்கு வந்த இடத்தில் தப்பித்துத் துருக்கிக்குப் போய்விட்டார். 1988 சோல் ஒலிம்பிக்கில் அவர் துருக்கிக்காக இறங்க வேண்டுமென்றால் பல்கேரியா விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குத் துருக்கி சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். அங்கே அவர் உலக சாதனைகளோடு தங்கம் வென்றார். இதைக் கேட்டு யாராவது துரோகம் என்பார்களா? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பல்கேரியாவில் இருந்து எட்டு பளுதூக்கும் வீரர்கள் கத்தாருக்குப் போனார்கள். அதற்குப் பேசப்பட்ட தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவர்களில் ஏஞ்சல் போபோவ் என்பவர் சயீத் சைஃப் அசாத் ஆகி, 2000 சிட்னியில் கத்தாருக்கு வெண்கலம் வாங்கினார். தொகை ஒன்று, விளையாட்டு ஒன்று, வீரர்களை விட்டுக்கொடுத்த நாடும் ஒன்று. முதல் கதையில் ஒரு மனிதர் தானாகவே ஓடிப்போய், பிறகு பணம் அவருடைய வழியைத் திறந்துவிட்டது. இரண்டாவதில் சங்கமே ஆட்களை மொத்தமாக அனுப்பி வைத்தது. எனக்கு உறுத்துவது இரண்டாவதுதான்.

கென்யாவில் பிறந்த ஓட்டக்காரர் பெர்னார்ட் லகாட் போல அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்ந்து, அந்த நாட்டுக்காக ஓடியவர்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே அநியாயம். தென்கொரியாவின் பனித்தளச் சறுக்கு ஓட்ட வீரர் விக்டர் ஆன் ரஷ்யாவுக்குப் போனது வேறு ரகம். சொந்த நாட்டு சங்கத்தோடு மனக்கசப்பு, கூடவே காயம். 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் கொரியாவுக்கு மூன்று தங்கம் வாங்கியவர், 2014 சோச்சியில் ரஷ்யாவுக்கு மூன்று தங்கம் வாங்கினார். கொரிய ரசிகர்களில் பலர் அவரைத் திட்டாமல் தங்கள் சங்கத்தைத் திட்டினார்கள். ரசிகர்களுக்கு விவரம் தெரியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இப்போது என் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். லியோனார்ட் முச்செரு என்ற கென்ய ஓட்டக்காரர் பஹ்ரைன் குடிமகனாகி, முஷிர் சலேம் ஜவ்ஹர் என்ற பெயரில் ஓடினார். 2007 ஜனவரியில் இஸ்ரேலில் நடந்த டைபீரியஸ் மாரத்தானில் கலந்துகொண்டு ஜெயித்தார். இஸ்ரேலில் போய் ஓடிவிட்டாரே என்று பஹ்ரைன் அவருடைய குடியுரிமையைப் பறித்துவிட்டது. மாரத்தான் ஓடினார், ஜெயித்தார், நாடு போய்விட்டது. அந்தக் காலத்தில் கென்யச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. 2010-ல் வந்த அரசியல் சாசனத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அப்படியென்றால், பறிக்கப்பட்ட அன்று சட்டப்படி அவர் எந்த நாட்டுக்காரர்?  பணம் கொடுத்தோம், பெயரும் கொடுத்தோம், சொன்னபடி கேட்கவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது குடியுரிமை ஆகாது, அது வேலை விசா.

வாங்குகிற நாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2015-ல் கத்தார் தன் மண்ணில் ஹேண்ட்பால் உலகக் கோப்பையை நடத்தி, இறுதிப் போட்டி வரை போய் பிரான்ஸிடம் 22–25 என்று தோற்றது. அணியில் கத்தாரில் பிறந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2011-ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்ற பெர்ட்ராண்ட் ருவானே இந்தமுறை கத்தார் அணியில் இருந்தார். வெள்ளிப் பதக்கம் வந்தது உண்மை. அதைப் பார்த்து தோஹாவில் ஒரு சிறுவன் பந்தை எடுத்திருப்பானா, அல்லது நமக்கு இங்கே இடமில்லை என்று நினைத்திருப்பானா? இதே கத்தாரிடம் இன்னொரு வழியும் இருந்தது. முதஸ் பர்ஷிம் தோஹாவில் பிறந்து வளர்ந்தவர், அங்குள்ள ஆஸ்பயர் அகாடமியில் பயிற்சி பெற்றவர். பயிற்சியாளராகத்தான் போலந்தில் பிறந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2.37 மீட்டர் உயரம் தாண்டி, இத்தாலியின் தம்பேரியோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். பயிற்சியாளருக்குச் செலவழித்த பணம் கொடுத்த பலன் அது.

விதிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வருகின்றன. 2004-ல் ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்த பிரேசில் கால்பந்து வீரர் ஐல்டனைக் கத்தார் பெரும்பணம் காட்டி அழைத்தபோது, ஃபிஃபா உடனே குறுக்கே வந்தது. பிறப்பு, பெற்றோர், தாத்தா பாட்டி, அல்லது அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தது என ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும் என்றது. தடகளத்தில் 2017 பிப்ரவரியில் நாடு மாற்றங்களை மொத்தமாக நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு புது விதி வந்தது. மூன்று ஆண்டு காத்திருப்பு, குறைந்தது 20 வயது, ஒரே ஒரு முறை மாற்றம். எனக்குப் பிடித்தது இதோடு வந்த இன்னொரு நிபந்தனை: புதிய நாடு அந்த வீரருக்கு முழுக் குடியுரிமையும் அதற்குரிய உரிமைகளும் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும். முச்செருவுக்கு நடந்தது மாதிரி இன்னொருவருக்கு நடக்காமல் தடுக்க உதவக்கூடிய வரி அது.

ஆனாலும் ஆசை காட்டுவது நிற்கவில்லை. 2025-ல் ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா, ராஜிந்திரா கேம்பல், வெய்ன் பின்னாக், ஜெய்டன் ஹிபர்ட் ஆகிய நான்கு பேர் துருக்கிக்கு மாறப்போவதாகச் செய்தி வந்தது. ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் வரை முன்பணம் என்றார்கள். ஜமைக்காவில் பலர் கொதித்தார்கள். ஸ்டோனா 2024 பாரிஸில் வட்டெறிதலில் சரியாக 70 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வாங்கியவர். அந்தத் தங்கத்துக்கு உலகத் தடகளக் கூட்டமைப்பு கொடுத்த பரிசு 50,000 டாலர். குண்டெறிதலில் வெண்கலம் வாங்கிய கேம்பலுக்கு அந்தப் பரிசும் இல்லை, தங்கத்துக்கு மட்டும்தான் அந்த ஆண்டு பணம். வேகமாக ஓடுகிறவர்களை நட்சத்திரமாக்கும் நாட்டில் வட்டும் குண்டும் எறிபவர்கள் எவ்வளவு கவனிக்கப்பட்டார்கள் என்று கொதித்தவர்கள் தங்களையே கேட்டிருக்கலாம். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நிச்சயம் யோசித்திருப்பேன்.

மூன்று ஆண்டு காத்திருப்பு தொடர வேண்டும் என்பதுதான் என் கருத்து, பழைய நாடும் வளர்த்துவிட்டிருக்கிறது அல்லவா. ஆனால் அதைக் குறைக்கும் அதிகாரம் பழைய நாட்டு சங்கத்தின் கையில் இருக்கக் கூடாது. அதைப் பேரம் பேசவும் பழிவாங்கவும் பயன்படுத்துவார்கள். கொடுக்கும் தொகை வெளியில் தெரிய வேண்டும். 20 வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடும்போது, பக்கத்தில் அவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருக்க வேண்டும். காயம் பட்டாலும், தோற்றாலும், ஓட்டத்தையே விட்டாலும் அந்த பாஸ்போர்ட் அவருடையதாகவே இருக்கும், அவருடைய பிள்ளைகளுக்கும் சேரும் என்று எழுத்தில் கொடுக்காத எந்த நாட்டின் விண்ணப்பத்தையும் கூட்டமைப்பு திருப்பி அனுப்பிவிட வேண்டும்.