எல்லாப் பழமும் ஒரே நாளில் கனிந்தால் என்ன செய்வது?

கேள்வி: காலையில் பழம்தான் என்று முடிவெடுத்து, வாரத்துக்கு ஒருமுறை பப்பாளி, மாம்பழம், அன்னாசி, வாழை எல்லாம் மொத்தமாக வாங்குகிறேன். முதல் இரண்டு நாள் ஜோராகப் போகிறது, அப்புறம் எல்லாம் ஒன்றாகக் கனிந்து பாதி குப்பைக்குப் போகிறது. பப்பாளியை இரவே தயிரில் கலந்து வைத்தால் காலையில் கசக்கிறது. பேசாமல் நறுக்கி டப்பாவில் விற்கும் பழத்துக்கோ பாட்டில் ஜூஸுக்கோ மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். வாங்கும் விதத்தை மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே பதத்தில் பொறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாளைக்குப் பழுத்தது, மீதி நாளைக்குச் செங்காய், அவ்வளவுதான் கணக்கு. வாழை, மா, பப்பாளி மூன்றும் பறித்த பிறகும் பழுக்கும். அதனால் பாதி மஞ்சள் ஓடிய பப்பாளியை தைரியமாக வாங்கி வெளியே வையுங்கள். காயாக இருக்கும்போதே ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் கெட்டு, சரியாகப் பழுக்காமலே போய்விடும். பழுத்த பிறகு உள்ளே வைக்கலாம். வாழைப்பழத்தின் தோல் மட்டும் கருக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. இன்னொன்று, பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் இருக்கும் மாங்காயையும் பப்பாளியையும் அது விரட்டிப் பழுக்க வைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் அடுக்கியிருந்தால் உங்கள் குப்பைத் தொட்டி நிறைந்ததில் ஆச்சரியமே இல்லை! வாழையைத் தள்ளி வையுங்கள். அவசரமாக ஒன்று பழுக்க வேண்டுமென்றால் மட்டும் சேர்த்து வையுங்கள்.

அன்னாசி வேறு ரகம். பறித்தபின் நிறம் மாறலாம், கொஞ்சம் மெத்தென்று ஆகலாம், ஆனால் இனிப்பு ஏறாது. கடையிலேயே அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள்: வாசனை வந்தால் எடுங்கள், வாசனையே இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காத்திருந்து பயனில்லை, புளித்த வாடை வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கசப்புக்கு வருவோம். பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமலைன் என்ற நொதிகள் இருக்கின்றன. இரண்டும் பால் புரதத்தைச் சிதைக்கும், நேரம் ஆக ஆகக் கசப்பு கூடும். தயிர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்ட வேண்டாம். பழத்தை இரவே நறுக்கி மூடி வைத்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது தயிர் சேருங்கள்.

டப்பாவில் நறுக்கிய பழம் வசதிதான், ஆனால் நீங்கள் காசு கொடுப்பது கத்திக்கு. அவசர நாளுக்கு வாங்கலாம், குளிரில் வைத்து விற்றால் மட்டும். அடியில் நீர் கோத்திருந்தால் நறுக்கி நேரமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட உறைய வைத்த பழத்துண்டு எனக்குப் பிடிக்கும். நன்கு பழுத்த பிறகு உறைய வைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும், வார இறுதியில் கை கொடுக்கும். சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் லேபிளைப் பாருங்கள்.

ஜூஸ் வேண்டாம் என்பேன். நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடுகிறது, நாலு பழத்தின் இனிப்பு ஒரே மடக்கில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை, குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது, ஒரு துளி வெளிச்சர்க்கரை போடாவிட்டாலும்.

அளவு? காய், பழம் இரண்டும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. காலையில் ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம், நல்ல தொடக்கம். ஆனால் வெறும் பழம் மட்டும் சாப்பிட்டால் பத்து மணிக்கே பசிக்கும், இனிப்பில்லாத தயிரோ ஒரு கைப்பிடி பாதாம், நிலக்கடலை போன்ற கொட்டைகளோ சேருங்கள். கொய்யா கிடைத்தால் விடாதீர்கள், ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு, தோலோடு கடித்துத் தின்னலாம், நறுக்கும் வேலைகூட இல்லை.

வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் மட்டும், நட்சத்திரப் பழத்தை அவர் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள். மற்ற பழங்களையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.