இரண்டும் பாலைவன ஆமைதானே, ஜோடி சேர்த்தால் என்ன?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லரில் வீடு வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய வீட்டுக்காரர் கொல்லையில் ஓர் ஆண் பாலைவன ஆமையை விட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மாநிலம் நெவாடாவில், லாஸ் வேகாஸில் இருக்கும் நண்பர் தன்னிடம் உள்ள பெண் ஆமையைத் தருகிறேன் என்கிறார். பாவம், தனியாகக் கிடக்கிறதே, ஜோடி சேர்க்கலாமா? குஞ்சு வந்தால் பாலைவனத்தில் விட்டுவிடலாம்தானே?"

சேர்க்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். உங்களுடையது பெரும்பாலும் சொனோரன் ஆமை, நண்பருடையது அநேகமாக மொஹாவி ஆமை. பார்க்க அண்ணன் தங்கை மாதிரி இருந்தாலும் இனம் வேறு. 1861-ல் பெயர் வைத்ததிலிருந்து நூற்றைம்பது வருஷம் எல்லாவற்றையும் ஒரே இனம் என்றுதான் எழுதி வந்தார்கள், 2011-ல்தான் பிரித்தார்கள். கொலராடோ ஆற்றுக்கு மேற்கிலும் வடக்கிலும் மொஹாவி, கிழக்கிலும் தெற்கிலும் சொனோரன். மெக்சிகோவில் 2016-ல் மூன்றாவதாக ஒன்றையும் பிரித்தார்கள், அது உங்கள் கதைக்கு வேண்டாம்.

வாழும் விதமும் வேறு. மொஹாவி ஆமைக்குச் சமதரை வேண்டும். கிரியோசோட் புதர் நிற்கும் மணல் கலந்த மண்ணில் தானே வளை தோண்டிக்கொள்ளும். அங்கே மழை குளிர்காலத்தில் என்பதால் வசந்தத்தில் முளைக்கும் பூண்டுகளைத் தின்றுதான் உடம்பைத் தேற்றும், முட்டையும் அந்தப் பருவத்தில் தொடங்கி ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தடவைகூட இடும். சொனோரன் ஆமை சகுவாரோ கள்ளி நிற்கும் பாறைச் சரிவில் இருப்பது, பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும், ஜூலையில் கோடை மழை இறங்கினால்தான் அதற்குச் சுறுசுறுப்பு வரும், முட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான், சில வருஷம் அதுவும் இல்லை. கொல்லையில் தண்ணீரும் கீரையும் தினம் கிடைப்பதால் இந்த வித்தியாசம் எதுவும் உங்கள் கண்ணில் படாது. இரண்டும் தாராளமாகக் கூடும், குஞ்சும் பொரியும், அதுதான் தொல்லையே. அரிசோனாவில் வீட்டு ஆமைகளின் மரபணுவைச் சோதித்தபோது மொஹாவியும் கலப்பும் கணிசமாகவே கிடைத்தன.

"இயற்கையிலேயே கலக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எங்கே என்று கேளுங்கள். அரிசோனாவின் வடமேற்கு மூலையில் கிங்மனுக்கு மேற்கே பிளாக் மலைத்தொடர் என்று ஒன்று இருக்கிறது, ஆற்றின் 'தப்பான' கரையில் மொஹாவி ஆமைகள் சில அங்கே உண்டு. அவை தாழ்வான சரிவிலும் சமதரையிலும் இருக்க, சொனோரன் மேலே பாறைப் பக்கம் இருக்கிறது. இரண்டு வகைச் செடிகொடியும் கலந்து நிற்கும் குறுகிய பட்டையில்தான் கலப்பு ஆமைகள், அங்கேயும் இரண்டு இனமும் தனித்தனியாகத்தான் நீடிக்கின்றன. அதாவது எது எங்கே தங்கும் என்பதை நிலமே சல்லடை போட்டுப் பிரிக்கிறது. உங்கள் கொல்லையில் அந்தச் சல்லடை கிடையாது. பிளாக் மலையை ஆதாரமாகக் காட்டுகிறவர் ஒன்று அரைகுறையாகப் படித்தவர், இல்லை ஆமை விற்கிறவர்.

விற்கிறவர்கள் விஷயத்தில் மிகவும் உஷார். பாலைவன ஆமையை விற்பதே சட்டவிரோதம். அதனால் "தத்துக் கட்டணம்", "வண்டிச் செலவு" என்று வேறு பெயரில் காசு கேட்பார்கள். "ஓட்டைப் பார்த்தாலே சுத்த சொனோரன் என்று சொல்லிவிடுவேன்" என்பவரை நம்பாதீர்கள். மொஹாவி கொஞ்சம் அகலம், சொனோரன் கொஞ்சம் தட்டை என்பது காட்டு ஆமைக்குச் சொல்வது. தப்பான தீனியில் ஓடு கூம்பு கூம்பாக எழும்பிய வீட்டு ஆமைக்கு அது எடுபடாது, மரபணுச் சோதனைதான் வழி. நண்பரிடமும் சொல்லிவிடுங்கள்: மொஹாவி 1990 முதல் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, காரில் போட்டு மாநிலம் தாண்டிக் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வார்.

இத்தனை கெடுபிடி வைத்திருக்கும் அரசு சொனோரன் விஷயத்தில் செய்ததைப் பாருங்கள். 2010-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தகுதி உண்டு, ஆனால் வேறு வேலை முந்திவிட்டது என்றார்கள். 2015-ல் தேவையே இல்லை என்றார்கள். மறுபடி பரிசீலித்து 2022-ல் அதையே சொன்னார்கள். கொல்லையில் குஞ்சு பொரிக்க வைக்கக் கூடாது என்று மாநில விதி இருக்கிறது, எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. தத்துக்குக் காத்திருக்கும் ஆமைகள் மட்டும் குவிந்துகொண்டே போகின்றன.

வளர்த்த ஆமையை, குஞ்சோ பெரிசோ, பாலைவனத்தில் விடவே கூடாது. கலப்பு ஒரு காரணம், மைக்கோபிளாஸ்மா என்னும் மூச்சுநோய்க் கிருமி அதைவிட அவசரமான காரணம். மூக்கில் நீர் கொப்புளிக்கும், கண் வீங்கும், வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரிகிற ஆமையும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம், விட்ட இடத்தில் காட்டு ஆமைக்கும் ஒட்டிவிடும்.

தனிமையைப் பற்றிக் கவலையே வேண்டாம், இவை தனியாக வாழ்கிற பிராணிகள்தான். உங்களுடையது உண்மையிலேயே ஆண்தானா என்பதை மட்டும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்ணாக இருந்தால் பழைய கூடலின் விந்தை ஆண்டுக்கணக்கில் உடம்பில் வைத்திருந்து தனியாகவே முட்டையிடும். மண்ணில் முட்டை கண்ணில் பட்டால் தொடாமல் அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ் என்னும் மாநில வனவிலங்குத் துறையின் தத்துத் திட்டத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன விவரத்தையும் அந்த போனிலேயே சொல்லிவிடுங்கள்.